புற்றுநோயும் மூலிகையும்: காரைக்குடி மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் காரைக்குடியில் மருந்துக்கடை நடத்துகிறேன். என் பெரியப்பா நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தவர். பள்ளி விடுமுறையில் அவர் கடையில் உட்கார்ந்து சுக்கும் திப்பிலியும் அதிமதுரமும் எடை போட்டு, பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். பிறகு மருந்தியல் படித்து, ஆங்கில மருந்துக் கடை போட்டேன். பெரியப்பாவுக்கு அதில் கடைசி வரை லேசான வருத்தம் உண்டு.

இந்தப் பின்னணி தெரிந்ததாலோ என்னவோ, பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று சுற்றுப்புறத்திலிருந்து வருகிறவர்கள் மருந்துச்சீட்டை நீட்டிய கையோடு கைப்பேசியையும் நீட்டுகிறார்கள். “இந்த இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் புற்றுநோய் போய்விடுமாமே, உண்மையா?” பத்துப் பேர் நிற்கும்போது அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்புவது மனத்தை உறுத்தியது. அதனால் கேள்விகளைத் தொகுத்து இங்கே எழுதிவிட்டேன். நான் மருத்துவன் அல்லன். யாருக்கு என்ன சிகிச்சை என்பதைச் சொல்ல வேண்டியவர் உங்களைப் பரிசோதித்த புற்றுநோய் மருத்துவர்தான்.

செடியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மைதானா?

முழு உண்மை. 1981 முதல் 2019 வரை அனுமதி பெற்ற புற்றுநோய் மருந்துகளை ஆராய்ந்தவர்கள், அவற்றில் சிறு மூலக்கூறு மருந்துகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு இயற்கைப் பொருளோடு ஏதோ ஓர் உறவு இருப்பதாகச் சொல்கிறார்கள். செடி, மண்ணிலுள்ள நுண்ணுயிர், கடல் உயிர் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம்.

செடி என்று மட்டும் பார்த்தால் நான்கு மருந்துக் குடும்பங்கள் முக்கியம். நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து பாக்லிடாக்சல். சீன மரம் ஒன்றிலிருந்து காம்ப்டோதெசின். அதைத் திருத்தி உருவாக்கியவை டோபோடிகான், இரினோடிகான். போடோஃபில்லம் என்ற செடியின் வேரில் இருக்கும் நஞ்சைத் திருத்தி எட்டோபோசைட். போடோஃபில்லத்தின் ஓர் இனம் நம் இமயமலையிலேயே வளர்கிறது. கீமோதெரபி எடுத்தவர் வீட்டுக் கோப்பைப் புரட்டினால் இந்தப் பெயர்களில் ஒன்றாவது கண்ணில் படும். “கெமிக்கல் வேண்டாம், மூலிகை போதும்” என்று சொல்கிறவர் பல நேரம் மூலிகையைத்தான் மறுக்கிறார் என்பது அவருக்குத் தெரிவதில்லை.

நித்தியகல்யாணி என்றால் நம் ஊருணிக்கரையில் பூத்துக் கிடக்கிறதே, அதுவா?

அதேதான். சுடுகாட்டுப்பூ என்றும் பட்டிப்பூ என்றும் சொல்கிறோமே, அந்த வெள்ளை, இளஞ்சிவப்புப் பூச்செடி. செம்மண்ணோ கப்பியோ, தண்ணீர் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்குப் பூக்கும். பூர்வீகம் மடகாஸ்கர். தென் மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிட்டு, இலையையும் வேரையும் காயவைத்து ஏற்றுமதி செய்கிறார்கள்.

இதற்குள் மருந்து இருப்பது தெரிந்த விதம் சுவையானது. ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். 1952-இல் அங்கிருந்து ஓர் உறையில் கொஞ்சம் இலை கனடாவுக்கு வந்தது. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதன் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டதும் எலிகள் கிருமித் தொற்று வந்து செத்தன. ஏன் என்று பார்த்தால், வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது. சர்க்கரை மருந்து தேடியவர்களுக்கு அது தோல்விதான். ஆனால் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? நோபிளும் அவருடன் வேலை செய்த வேதியியலாளர் சார்லஸ் பீரும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். வின்பிளாஸ்டின் பிறந்தது. அதே காலத்தில் அமெரிக்க நிறுவனமான எலி லில்லியும் தனியாக இதே செடியில் இறங்கியிருந்தது. 1963-இல் வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் 1960-களின் தொடக்கத்தில் பிழைத்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பிழைக்கிறார்கள். வின்கிரிஸ்டின் தனியாகச் செய்த வேலை அன்று இது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததன் பலன். ஆனாலும் அந்தக் கூட்டணியில் இன்றுவரை இடம் இழக்காத மருந்து அது.

அப்படியானால் தினமும் காலையில் ஐந்து இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் என்ன?

குடிக்காதீர்கள்.

ஒரு நாள் வயதான ஐயா ஒருவர் துணிப்பையோடு வந்தார். பைக்குள் நித்தியகல்யாணி, வேரோடு பிடுங்கி வாழைநாரில் கட்டுக் கட்டாக. மண் கூட உதறவில்லை. மேஜை மேல் பரப்பிவிட்டு, “இதை எந்த அளவில் சேர்க்க வேண்டும், சொல்லுங்கள் தம்பி” என்றார். வீட்டு அம்மாவுக்கு ஒரு மாதமாகக் கழுத்தில் கட்டி. மருத்துவமனைக்குப் போகவில்லை.

அன்று வேறொரு நோயாளிக்காக வரவழைத்த வின்கிரிஸ்டின் குளிர்பெட்டியில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். சுண்டு விரல் உயரக் கண்ணாடிக் குப்பி. உள்ளே தண்ணீர் போல ஒரு மில்லி திரவம். அதில் மருந்து ஒரு மில்லிகிராம். வளர்ந்த ஆளுக்கு ஒரு தடவைக்கு வழக்கமாக இரண்டு மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. அதுவும் உயரம், எடை கணக்கிட்டு. சிரை வழியாக மட்டுமே செலுத்த வேண்டும், தண்டுவடத்தில் தவறிப் போட்டுவிட்டால் உயிர் போய்விடும் என்பதால் அந்த எச்சரிக்கை பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். “இத்தனூண்டா?” என்றார் ஐயா.

இத்தனூண்டுதான். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க ஏறத்தாழ அரை டன் காய்ந்த இலை வேண்டும். அதே இலையில் நூற்றுக்கு மேற்பட்ட வேறு ஆல்கலாய்டுகளும் (செடி தனக்குள் உண்டாக்கும் வீரியமான வேதிப்பொருள்கள்) இருக்கின்றன. கஷாயமாக வைத்தால் வேண்டிய பொருள் இல்லாதது போலவே இருக்கும். வேண்டாதவை கும்பலாக இறங்கும். மழைக்குப் பின் பறித்த இலைக்கும் கோடையில் பறித்த இலைக்கும் அளவு மாறும். சரியான அளவில் கொடுக்கும்போதே விரல் நுனி மரத்துப்போகும், மலச்சிக்கல் படுத்தும், இந்த மருந்து அப்படிப்பட்டது. அளவு தெரியாமல் குடிப்பது எதற்காக?

பிரியாணியில் போடுகிறோமே அன்னாசிப்பூ, பறவைக் காய்ச்சல் பரவிய காலத்தில் பெயர்பெற்ற ஓசல்டாமிவிர் மருந்துக்கு மூலப்பொருள் அதிலிருந்து கிடைக்கும் சிகிமிக் அமிலம்தான். அதற்காகச் செட்டிநாட்டில் பிரியாணி சாப்பிட்டுக் காய்ச்சல் போனவர் யாரும் இல்லை.

அந்த ஐயா அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போனார். செடிக்கட்டை என் கடையிலேயே விட்டுவிட்டார்.

“இந்த மூலிகைச் சாறு புற்றணுக்களை அழித்தது, ஆய்வில் நிரூபணம்” என்று மாதம் ஒரு செய்தி வருகிறதே?

வரும். பெரும்பாலும் பொய்யும் இருக்காது. ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றணுக்கள் மேல் சாற்றை ஊற்றியிருப்பார்கள், அவை செத்திருக்கும். தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது பெரிய வித்தை இல்லை. உப்புக் கரைசலை அடர்த்தியாக ஊற்றினாலும் சாகும். புற்றணுவைக் கொல்லும் அளவில் நல்ல செல்லை விட்டுவைக்கிறதா? வாய்வழியாகப் போனால் குடலில் உறிஞ்சப்படுகிறதா? கல்லீரல் அதை உடைத்துத் தள்ளாமல் கட்டி வரைக்கும் போக விடுகிறதா? கேள்விகள் அங்கேதான் தொடங்குகின்றன.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை உலகெங்கும் செடிகளைச் சேகரித்து, ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் சாறுகளைச் சோதித்தது. அந்தப் பெரிய வலையில் தேறி மருந்தாக வந்தவற்றை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

தேறியதும் எத்தனை காலம் எடுத்தது என்று பாருங்கள். யூ மரப்பட்டையை 1962-இல் சேகரித்தார்கள். அதிலிருந்த மூலக்கூறின் அமைப்பை மன்ரோ வால், மன்சுக் வானி இருவரும் 1971-இல் வெளியிட்டார்கள். வானி மகாராஷ்டிரத்துக்காரர், அங்கிருந்து அமெரிக்கா போனவர். காம்ப்டோதெசினைக் கண்டறிந்ததும் இதே இருவர்தான். பாக்லிடாக்சல் எப்படி வேலை செய்கிறது என்பதை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் விளக்கினார். செல் இரண்டாகப் பிரியும்போது மரபுத்திரிகளை (குரோமோசோம்களை) இரு பக்கமும் இழுக்க நுண்ணிழைகள் தோன்றும். வேலை முடிந்ததும் கலைந்துவிடும். நித்தியகல்யாணி மருந்து அந்த இழையை நூற்கவே விடாது. யூ மருந்து நூற்ற இழையைக் கலைய விடாது. நேர் எதிரான இரண்டு வழிகள், முடிவு ஒன்று: செல் பிரிய முடியாமல் சாகும். முடி உதிர்வது, வாய் புண்ணாவது எல்லாம் இதனால்தான். வேகமாகப் பிரியும் நல்ல செல்லும் அடி வாங்குகிறது.

1992-இல்தான் அனுமதி வந்தது. முப்பது ஆண்டுகள். நடுவில் மரத்துக்கே பஞ்சம் வந்தது. பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும். பிறகு ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலையிலிருந்து முன்பொருளை எடுத்து மருந்தாக மாற்றக் கற்றுக்கொண்டார்கள். இப்போது செடியின் செல்களைத் தொட்டியில் வளர்த்தும் எடுக்கிறார்கள்.

இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. சீன மரத்தில் கண்ட காம்ப்டோதெசின் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு சிறுமரத்திலும் இருக்கிறது என்று 1972-இல் காட்டியவர்கள் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் என். விசுவநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். கண்டுபிடித்த பிறகு அந்த மரத்துக்கு வந்தது கேடு: கட்டை கட்டையாக வெட்டி ஏற்றுமதி செய்து, காட்டில் அது அருகிப்போய்விட்டது.

மஞ்சள் புற்றுநோயைக் குணப்படுத்துமா?

இந்தக் கேள்விக்கு “இல்லை” என்று சொன்னால் கோபப்படாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. மஞ்சள் மேல் நமக்கு இருப்பது பக்தி. எனக்கும் உண்டு, ஆனாலும் விவரத்தைச் சொல்ல வேண்டும்.

மஞ்சளில் பேசப்படும் பொருள் குர்குமின். மஞ்சள் தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் இருக்கும். தட்டில் அது பல வகைப் புற்றணுக்களைத் தடுக்கிறது. மனித உடம்பில் சிக்கல் வேறு: குடல் அதை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம், உறிஞ்சிய துளியையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் கணையப் புற்றுநோயாளிகள் 25 பேருக்குத் தினம் 8 கிராம் குர்குமின் கொடுத்தார்கள். ரத்தத்தில் போய்ச் சேர்ந்தது மிகச் சொற்பம். இரண்டு பேரிடம் மட்டும் ஏதோ அசைவு தெரிந்தது. 8 கிராம் குர்குமின் என்றால் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தூள். தினமும். எந்த வீட்டு அம்மியும் தாங்காது.

மிளகு சேர்த்தால் உறிஞ்சுமே என்பார்கள். சரிதான். 1998-இல் பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் நடந்த ஆய்வு, 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தால் ரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கு கூடுகிறது என்று காட்டியது. சொற்பத்தின் இருபது மடங்கு. அதோடு, பைப்பரின் எப்படி இதைச் செய்கிறது என்று யோசியுங்கள். மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளை அது முடக்குகிறது. அப்போது நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளும் உடையாமல் தேங்கும். கீமோ மருந்து ரத்தத்தில் தேங்கினால் அது சிகிச்சையைக் கூட்டுவதாகாது, விஷத்தைக் கூட்டுவதாகும். மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரை அமெரிக்கக் கல்லீரல் ஆய்வுக் குழு ஒன்று விவரித்திருக்கிறது, ஒருவர் இறந்தார். குர்குமின் ஆராய்ச்சியில் உலகப் புகழ்பெற்ற ஒருவரின் கட்டுரைகள் பல, படங்களில் கோளாறு என்று திரும்பப் பெறப்பட்ட சங்கடமும் உண்டு.

இவ்வளவும் மாத்திரைக்கும் பொட்டலத்துக்கும்தான். மீன்குழம்புக்கும் ரசத்துக்கும் போடுகிற மஞ்சளையும் மிளகையும் எந்த மருத்துவரும் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்தால் விரலி மஞ்சளாக வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் பூசும் கலப்படம் நம் துணைக்கண்டத்தில் நடப்பதுதான்.

முள்சீத்தா கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி வாய்ந்ததாமே?

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1996-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. முள்சீத்தா விதையில் இருந்து பிரித்த ஒரு பொருள், தட்டில் வளர்த்த ஒருவகைக் குடல் புற்றணு மேல், ஒரு கீமோ மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைந்த அளவிலேயே வேலை செய்தது. அவ்வளவுதான். விதை பழமானது, தட்டு மனிதனானது, ஒருவகை எல்லா வகையுமானது. கைப்பேசியில் ஒரு சுற்று வந்தால் போதும்.

மனிதரிடம் அது புற்றுநோயைப் போக்கியதாக முறையான ஆய்வு எதுவும் காட்டவில்லை. மாறாக, கரீபியத் தீவான குவாதலூப்பில் இந்தப் பழமும் இலைத் தேநீரும் அதிகம் எடுத்தவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் கூடுதலாக இருந்ததாக 1999-இல் எழுதினார்கள். பழத்தை ஆசைக்கு ஒருநாள் சாப்பிடலாம். கிலோ கணக்கில் விலை கொடுத்து வாங்கித் தினமும் சாறு பிழிவதில் எனக்கு உடன்பாடில்லை.

கருப்புக் கவுனி அரிசி?

நல்ல அரிசி. அந்த நிறம் ஆந்தோசயனின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் நிறமி தருவது. கல்யாண வீட்டுக் கவுனி அரிசியில் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் எவ்வளவு போடுகிறோம் என்று சமைக்கிற ஆச்சியைக் கேளுங்கள். பிறகு அதை மருந்து என்று சொல்லலாமா என்று பேசுவோம்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல்லைக் கேட்டு மாத்திரையாக வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தினார்கள். காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்ற நம்பிக்கை. 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. காரட்டும் கீரையும் சாப்பிடுகிறவர்களுக்கு அப்படி ஆவதில்லை.

இயற்கையானதுதானே, நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாதே?

எனக்குக் கோபம் வரும் கேள்வி இது ஒன்றுதான்.

ஆடுதீண்டாப்பாளை தெரியும் அல்லவா? ஆடு கூடத் தீண்டாது என்றுதான் அந்தப் பெயர். வயல் வரப்பில் கிடக்கும். கிராமத்து வைத்தியத்தில் பூச்சிக்கடிக்கும் தோல் நோய்க்கும் எடுப்பார்கள். அதன் உறவுதான் பெருமருந்துக்கொடி என்னும் ஈசுவரமூலி. இந்தக் குடும்பத்தில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாழாக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. வேறொரு சீன மூலிகைக்குப் பதிலாக இது கலந்திருந்தது. அவர்களில் 39 பேருக்குக் கெட்ட சிறுநீரகத்தை எடுத்துப் பார்த்தபோது 18 பேரிடம் புற்றுநோய் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. புற்றுநோய்க்கு மூலிகை தேடிப் போய், புற்றுநோய் தரும் மூலிகையை வாங்கிவரலாம்.

அதே முதல் பிரிவில் இன்னொரு இயற்கைப் பொருளும் இருக்கிறது. நம் வீட்டு முகப்பில், வெள்ளித் தட்டில் இருக்கிறது. பாக்கு. புகையிலை போடாமல் வெறும் வெற்றிலை பாக்கு போட்டாலும் வாய்ப் புற்றுநோய் வரும் என்று அந்த முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பு சொல்கிறது. செட்டிநாட்டில் தாம்பூலம் இல்லாமல் ஒரு காரியமும் இல்லை. சம்பந்தம் பேசினாலும் தாம்பூலம், சாந்தி கல்யாணமானாலும் தாம்பூலம். தட்டில் வைத்து மரியாதை செய்வதை யாரும் விடச் சொல்லவில்லை. மரியாதைக்கு எடுத்ததை வாயில் அடக்கி நாள் முழுக்க மெல்வதுதான் சிக்கல். கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் போல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் அடுக்கி, முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், காரம் பட்டால் வாய் எரிகிறது என்றால், பல் மருத்துவரிடம் அந்த வாரமே போங்கள். இந்த மூன்று விரல் சோதனையை என் கடையில் நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன்.

என் பெரியப்பா நாற்பது ஆண்டு வெற்றிலை போட்டவர். பாக்கு மட்டும் கடைசிப் பத்தாண்டில் விட்டார், சொல்லிச் சொல்லித்தான்.

அப்படியானால் சித்த மருத்துவமே வேண்டாம் என்கிறீர்களா?

எங்கே சொன்னேன்? சித்த மருத்துவத்தில் புற்றுக்கு மருந்துகள் உண்டு. சேராங்கொட்டை நெய் ஒன்று, இரசகந்தி மெழுகு ஒன்று. சேராங்கொட்டை என்பது வண்ணார்கள் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய கொட்டை. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். முறையாகச் சுத்தி செய்யாமல் மருந்தாக்கக் கூடாது என்று சித்தர் நூல்களே கண்டிப்பாகச் சொல்கின்றன. இரசகந்தி மெழுகில் பாதரசம் சேர்கிறது. இவை வீட்டில் செய்கிற பண்டம் அல்ல, அஞ்சலில் வரவழைக்கிற பண்டமும் அல்ல.

பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும் இரண்டு மருத்துவருக்கும் ஒருவர் தரும் மருந்தை மற்றவரிடம் சொல்லிவிடுங்கள். மறைப்பதுதான் ஆபத்து. நல்ல சித்த மருத்துவர் கீமோவை நிறுத்திவிட்டு வா என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிச் சொல்கிறவர் வீட்டுச் சுவரில் பட்டம் தொங்குகிறதா என்று பாருங்கள்.

கீமோ நடக்கும்போது வீட்டுப் பத்தியம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். வெந்த சோறு, பூண்டு ரசம், இட்லி, பருப்பு, முட்டை, மசித்த காய். காரம் குறையுங்கள், வாய் புண்ணாக இருக்கும். பச்சைச் சாறு வேண்டாம்: அறுகம்புல் சாறு, கோதுமைப்புல் சாறு, கழுவாத துளசி எதுவும். வெள்ளணு குறைந்திருக்கும் நாள்களில் அதிலுள்ள கிருமி போதும், காய்ச்சல் வந்து மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும்.

சுக்கு, இஞ்சி பற்றிக் கேட்கிறார்கள். 576 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று, குமட்டல் மாத்திரையோடு சேர்த்து நாளுக்கு அரை முதல் ஒரு கிராம் இஞ்சி கொடுத்தால் குமட்டல் தணிவதாகக் காட்டியது. மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சுக்குத் தண்ணீர் குடிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இஞ்சியையும் பூண்டையும் மருந்தளவுக்குச் சேர்க்க வேண்டாம்.

சில பொருள்கள் நேராகவே மோதும். மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்ட்டெசோமிப் ஊசியை, பச்சைத் தேயிலையின் சத்து பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாமல் தடுப்பதாக ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். பம்ளிமாஸ் பழம் சில மாத்திரைகளை ரத்தத்தில் தேங்க வைக்கும். அதனால் மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள எல்லாச் சூரண டப்பாவையும் லேகிய பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் சொன்னால் மறந்துபோகும். பையைக் கவிழ்த்தால் எல்லாம் வந்துவிடும்.

பாதாம் பருப்பு போல இருக்கும் அப்ரிகாட் விதை, ‘வைட்டமின் பி17’?

அப்படி ஒரு வைட்டமின் இல்லை. அந்தப் பெயரில் விற்கும் பொருளை 178 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 1982-இல் வெளியானது. கட்டி குறையவில்லை; சிலர் ரத்தத்தில் சயனைடு ஏறியது.

“புற்றுநோய் 100% குணம்” என்று விளம்பரம் செய்கிறார்களே, அரசு சும்மா விடுமா?

1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டப்படி, புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். எந்த முறை மருந்தானாலும் சரி. ஆக, அந்த விளம்பரம் உங்களிடம் வந்த நிமிடமே ஒன்று தெரிந்துவிடுகிறது: போட்டவர் சட்டத்தை மதிக்காதவர்.

பணம்தான் கவலை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை உண்டு. லேகியத்துக்குக் கட்டும் பணத்துக்கு முன்னால் அந்த அட்டையைத் தேடி எடுங்கள்.

டாக்டர் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றுவிட்டார். இப்போது மூலிகை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வீட்டில் நோயாளியை வைத்திருக்கும் ஓர் ஆச்சி கேட்டார். மருந்துச்சீட்டு எதுவும் கையில் இல்லை, கேட்கவே வந்திருந்தார். அவரிடம் ஆய்வு, சதவீதம் எதுவும் நான் பேசவில்லை. “அவருக்கு வலி இருக்கிறதா ஆச்சி?” என்று கேட்டேன். ராத்திரி முழுக்க அழுகிறார் என்றார்.

இந்தக் கட்டத்தில் உண்மையாகவே கைகொடுக்கும் செடிப்பொருள் ஒன்று உண்டு. அபினிச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலில் இருக்கும் மார்ஃபின். செடியிலிருந்து தனியாகப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் ஆல்கலாய்டு அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் செர்டுர்னர் என்ற இளம் மருந்தாளுநர் பிரித்தார். என் தொழில்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. இன்றும் கடுமையான புற்றுநோய் வலிக்கு உலகம் நம்புவது இதைத்தான். நம் நாட்டில் சட்டக் கெடுபிடியால் கிடைப்பது கடினமாக இருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி ஓரளவு எளிதாக்கினார்கள். சாதாரண மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்காது. வலி தணிப்புப் பிரிவு உள்ள மருத்துவமனையில் கேட்க வேண்டும். பழக்கமாகிவிடும் என்று பயந்து வலியோடு வைத்திருக்காதீர்கள்; மருத்துவர் அளவைப் பார்த்துக்கொள்வார், மலச்சிக்கலுக்கும் சேர்த்தே மருந்து தருவார்.

“இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்றால் கட்டியைக் கரைக்க வழியில்லை என்று பொருள். வலியை, மூச்சுத் திணறலை, தூக்கமின்மையைக் கவனிக்க நிறைய இருக்கிறது. ஆச்சியை வலி தணிப்புப் பிரிவுக்கு வழிசொல்லி அனுப்பினேன். துளசித் தண்ணீர் கொடுக்கலாமா என்று வாசலில் திரும்பிக் கேட்டார். அவர் கேட்டால் கொடுங்கள் ஆச்சி என்றேன்.

நித்தியகல்யாணியை வீட்டில் வளர்க்கலாமா?

தாராளமாக. அந்த ஐயா விட்டுப்போன கட்டிலிருந்து இரண்டு செடியைக் கடைக்குப் பின்னால் நட்டேன். ஒன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு. இப்போது விதை விழுந்து சுவரோரம் முழுக்க முளைத்துக் கிடக்கிறது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், அது ஒன்றுதான் பார்க்க வேண்டியது. இலையைக் கிள்ளினால் பால் வரும். சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.